மூன்று மாதச் சாடையும் ஒரு டக்டக்கும்

என் வீட்டுக்காரர் ஒரு சிவப்புக் காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்திய அன்று சாயங்காலம், நான் வாயை அடக்காமல் ஒரு பேச்சுப் பேசிவிட்டேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது என்று நினைத்துத்தான் அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் அந்தக் கூத்தெல்லாம் நடந்தது.

அப்போது நாங்கள் டில்லியில், துவாரகா என்கிற பகுதியில் ஒரு ஹவுசிங் சொசைட்டி ஃப்ளாட்டில், மூன்றாவது மாடியில் இருந்தோம். மெட்ரோ இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அதற்கான தூண்கள் மட்டும் ரோட்டு நடுவில் எழும்பிக்கொண்டிருந்தன. நான் ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோ. காலையில் ஆபீஸ்காரர்களுக்கென்று ஓடுகிற சார்ட்டர்ட் பஸ் பிடித்துப் போய், நாள் முழுக்க அதிகாரிகள் சொல்வதைக் கேட்டுச் சுருக்கெழுத்தில் எடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். அவர் விமானப்படையில் இருபத்தைந்து வருஷம் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு விமான நிலையத்தில் ஒரு தனியார் கம்பெனியில் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஆக, வீட்டில் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். டில்லிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் வீட்டுக்குள் எங்கள் பேச்சு மட்டும் அந்தப் பக்கத்துப் பேச்சாகவே இருந்தது.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. காதை வைத்தே இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று. படையில் இருந்தபோது பெரிய அதிகாரிகள்கூடத் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "கொஞ்சம் கேட்டுச் சொல்லு" என்பார்களாம். சொசைட்டியிலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு, அதுவும் எனக்கு மட்டுமே தெரிகிற அளவுக்கு.

அந்தக் கார் எண்பதுகளில் ஜெர்மனியில் செய்தது. யாரோ ஒரு தூதரக அதிகாரி ஓட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போய், இரண்டு கை மாறி இவரிடம் வந்தது. இரண்டே கதவு. பின்சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். தரையோடு தரையாக இருக்கும். ஏறுவதென்றால் பாயில் உட்காருகிற மாதிரி குனிந்து விழ வேண்டும், இறங்க யாராவது கை கொடுக்க வேண்டும். ரேஸ் ஓட்டுகிறவர்கள் ஆசைப்படுகிற வண்டியாம். முன்மூடியைத் திறந்துவைத்து அவர் அந்த இன்ஜினைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. எனக்கு வயிறெரிந்தது. சொன்னால் என்ன, பொறாமைதான்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அண்ணன் போன் பண்ணினார். நான் கொட்டிவிட்டேன். "மகளுக்கு மாப்பிள்ளை பாக்குற வயசுல இவுகளுக்கு விளையாட்டுக் கார் கேக்குது அண்ணே. யூனிஃபார்ம் போட்ட ஆம்பிளைன்னு கட்டிக் குடுத்திய. உள்ள இருக்கது இன்னும் எட்டு வயசுதான். வெளிய தலைகாட்ட முடியல, வெக்கக்கேடு." சொல்லிவிட்டுத் திரும்பினால், அவர் எனக்குப் பின்னால் கார்ச் சாவியோடு நிற்கிறார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பால்கனிக்குப் போய்விட்டார். செத்தேன் என்று நினைத்தேன்.

எனக்கு வாய்தான் நீளமே தவிர மனசு அவ்வளவு மோசமில்லை. மறுநாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்டு, பாலைப் பார்த்தபடி சொன்னேன். "ஏங்க, நேத்து அண்ணன்கிட்ட நான் பேசுனது தப்புதான். மனசுல வச்சுக்கிடாதிய." பின்னால் சாப்பாட்டு மேஜையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை. ஒரு பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் மன்னிப்புக் கேட்டதே மூன்றோ நான்கோ தடவைதான். கேட்டதற்கு ஒரு 'உம்' கூடக் கிடையாதா? சரி, உங்களுக்கு அவ்வளவு ரோஷம் என்றால் எனக்கும் உண்டு என்று சாடைப் பேச்சில் இறங்கிவிட்டேன்.

சாடைப் பேச்சு என்ன என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆளோடு பேச்சு இல்லை, ஆனால் பேசாமலும் இருக்க முடியாது. அப்போது கைக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதனிடம் பேச வேண்டியது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், குரல் மட்டும் இந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். நான் குக்கரிடம் பேசினேன். "நீயாவது விசிலடிச்சுப் பதில் சொல்லுத. சில பேருக்கு அதுக்கும் வழியில்ல." காபி ஃபில்டரிடம் பேசினேன். "சில பேருக்கு வாய்க்குள்ள காபி மட்டும் போகும், வெளிய ஒரு வார்த்தை வராது." பால்கனியில் வந்து உட்காரும் புறாக்களிடம் பேசினேன். "பாத்தியளா, நீங்க ஜோடியாத் திரியுதிய. எனக்கு வாய்ச்சதைப் பாருங்க."

அவர் அசையவே மாட்டார். நான் பாத்திரத்தை மேடையில் டொம்மென்று வைத்துவிட்டு, கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டு முடித்திருப்பேன். அவர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "காபி நல்லா இருந்துச்சு" என்பார். கல்லுளிமங்கன் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். எதிரே போய் நின்று, "கேஸ் தீந்துருச்சு" என்றால், "புக் பண்ணிருதேன்" என்று உடனே பதில் வரும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கேஸுக்குப் பதில் உண்டு, பெண்டாட்டிக்குக் கிடையாது. டிவியை அலறவிடுவார். என் குரலை அமுக்கத்தான் என்று நினைத்தேன். மகள் போன் பண்ணினால் "ஹலோ" சொல்லிவிட்டு இரண்டு நிமிஷத்தில், "நீயே பேசு" என்று என்னிடம் நீட்டுவார். மகளிடமும் கோபமா என்று அதற்கும் சேர்த்துக் குக்கரிடம் திட்டினேன்.

வெளியே இவ்வளவு வீராப்பு. உள்ளே எனக்குப் பயமாக இருந்தது. டில்லியில் எனக்கு நூறு பேரைத் தெரியும். ஆபீசில் ஹிந்தி, பக்கத்து வீட்டில் ஹிந்தி, பஸ்ஸில் ஹிந்தி. என் பேச்சில் என்னோடு சண்டை போடவும் சமாதானம் ஆகவும் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். அவர் இனிமேல் பேசவே மாட்டாரோ, நான் சொன்ன ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிட்டதோ என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போவேன். ஒரு நாள் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டேன்.

ஜனவரிக் குளிரில்தான் கார் தட்ட ஆரம்பித்தது.

முதலில் மெதுவாக, யாரோ கதவைச் சுண்டுகிற மாதிரி டக், டக், டக் என்று. ஒரே வாரத்தில் அது பெரிதாகிவிட்டது. சுத்தியலால் இரும்பை அடிக்கிற மாதிரி இருந்தது. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பினால் கீழே இருந்து மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும். எதிர் ஃப்ளாட் பஞ்சாபி அம்மாள் கதவைத் திறந்து, "உங்கள் வீட்டுக்காரர் டிராக்டர் வாங்கியிருக்கிறாரா?" என்று கேட்டாள். கேட்டில் நிற்கும் காவலாளி, "சாப் வண்டி மெயின் ரோட்டில் திரும்பும்போதே நான் கேட்டைத் திறந்துவிடுகிறேன், மேடம்ஜி" என்று சிரித்தான். இவர் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி வருவார், போவார். காதை வைத்து விமானத்தையே அளந்த மனுஷன்! எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. நான் அந்தக் காரைக் குறை சொன்னேன் இல்லையா, அதனால் அதில் கோளாறு என்று என் முன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். என்ன பிடிவாதம்!

அந்தச் சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். மாதத்துக்கு ஒரு தடவை நல்லெண்ணெய், அப்பளம், முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் அங்கேதான். வழி நெடுக அந்த டக்டக். சிக்னலில் நின்றால் பக்கத்து ஆட்டோக்காரன் எட்டிப் பார்க்கிறான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியிடம் சொன்னேன். "மேளதாளத்தோட ஊர்வலம் போறோம். மாலைதான் பாக்கி." அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு சாந்தமா ஓடுது பாத்தியா" என்றார். என்னைக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து, மார்க்கெட் வருகிற வரைக்கும் கண்ணாடியிடம்கூடப் பேசவில்லை.

வண்டியை நிறுத்துகிற இடத்தில் ஒரு வயசான சர்தார்ஜி எங்களைக் கை காட்டி நிறுத்தினார். மெக்கானிக் என்பது கை நகத்தில் இருந்த கிரீஸிலேயே தெரிந்தது. இவருடைய ஜன்னலுக்கு நேராகக் குனிந்து, முகத்துக்கு முகம் பார்த்து ஹிந்தியில் சொன்னார். "பாயி சாப், இந்தச் சத்தத்தோடு எப்படி ஓட்டிக்கொண்டு வந்தீர்கள்? பிஸ்டனைப் பிடித்திருக்கிற ராடு போய்விட்டது. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் இன்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இதற்குச் சாமானும் கிடைக்காது. மாயாபுரிக்குக் கொடுத்துவிடுங்கள்." மாயாபுரி என்றால் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடம். சொன்னதோடு நிற்காமல், ஒரு கை முஷ்டியால் இன்னொரு உள்ளங்கையில் 'கட், கட், கட்' என்று குத்திக் காட்டினார்.

இவர் அந்த முஷ்டியைப் பார்த்தார். பிறகு இன்ஜின் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூட்டத்தில் கூட வந்த ஆளைத் தொலைத்துவிட்டவர் முகம் அப்படி இருக்கும். "டீக் ஹை", சரி என்று மட்டும் சர்தார்ஜியிடம் சொன்னார். திரும்புகிற வழியெல்லாம் மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. காருக்காக இவ்வளவு வருத்தமா என்று எனக்கே பாவமாக இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் காரை எடுக்கவில்லை. உறை போட்டு மூடிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார். சாயங்காலம் வந்ததும் கீழே போய் உறையைத் தூக்கிவிட்டு உள்ளே உட்காருவார். ஸ்டார்ட் பண்ண மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார். நான் பால்கனியில் நின்று பார்ப்பேன். அண்ணனிடம் சொன்ன அந்தப் பேச்சுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வரும். குக்கரிடம் பேசுவதை அந்த வாரம் நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பனி விலகிக் கொஞ்சம் வெயில் வந்தது. அவர் கீழே போய் முன்மூடியைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். டக்டக் சத்தம் சொசைட்டி முழுக்கக் கேட்டது. போதும் இந்த வீம்பு, நாமே இறங்கிப் போவோம் என்று இஞ்சி தட்டிப்போட்டு டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் எனக்கு முதுகு காட்டி, இன்ஜின் மேல் குனிந்து நின்றார். நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய வித்தை. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி. முன்னெல்லாம் இரண்டு இடத்தில் வைத்தால் போதும், சொல்லிவிடுவார். அன்று வைத்தார், எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார். அழுத்தினார். காதை மாற்றினார். குரங்குத் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்ப முதல் காதுக்கு மாற்றினார். எனக்கு இருபதடி தள்ளி அந்த டக்டக் மண்டையில் அடிக்கிறது. அவருக்கோ அது ஒரு அடி தூரத்தில்கூட இல்லை.

"ஏங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய், "ஏங்க, டீ" என்று கத்தினேன். நான் கத்தினால் எப்படி இருக்கும் என்று ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். கேட்டில் உட்கார்ந்திருந்த காவலாளி திடுக்கிட்டுத் திரும்பினான். முதல் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பவில்லை.

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அடுப்பைப் பார்த்து நான் கேட்ட மன்னிப்பு, பேப்பர் புரட்டுகிற சத்தம், டிவி, மகளுடைய போன், "காபி நல்லா இருந்துச்சு". ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மூன்று மாதம். இந்த மனுஷன் காதில் நான் பேசியதில் ஒரு சொல்கூட விழவில்லை. எதிரே நின்று பேசினால் என் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார். நானோ ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியிருக்கிறேன். அடிப்பாவி, நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறாய், வீட்டில் இருக்கிறவருக்குக் காது கேட்கவில்லை என்று உனக்குத் தெரியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரே நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். என் முகமே சொல்லியிருக்கும். பிறகு ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இதுல ஒன்னும் விழல. நீ கேளு" என்றார்.

டீயை மதில் மேல் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? மிக்ஸி ஓடாவிட்டால் ஒரு தட்டுத் தட்டுவேன், அவ்வளவுதான். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, இங்கே வை, இங்கே வைக்காதே, சுற்றுகிற பெல்ட் பக்கம் துப்பட்டாவைக் கொண்டுபோகாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று மாதத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை.

"சர்தார்ஜி சொன்ன மாதிரி ராடு போயிருந்தா, அந்த சிலிண்டருக்குப் போற பிளக் ஒயரக் கழட்டுனா தட்டுறது அமுங்கிரும். நான் ஒன்னொன்னாக் கழட்டுதேன். சத்தம் மாறுனா கட்டை விரலக் காட்டு. மாறலன்னா கைய ஆட்டு."

இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிவிட்டு, ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு முதல் ஒயரைக் கழற்றினார். இன்ஜின் நொண்டியது. டக்டக் அப்படியேதான் இருந்தது. கையை ஆட்டினேன். இரண்டாவது, கையை ஆட்டினேன். மூன்றாவது, நான்காவது. சத்தம் கொஞ்சம்கூட மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் இன்ஜினைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார். பரீட்சை ரிசல்ட் பலகையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அப்ப ராடு இல்ல" என்றார். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "எவ்வளவு வேகத்துல அடிக்குது? அதைச் சொல்லு."

"டக்டக்டக்டக்னு அடிக்குது" என்றேன். என் வாயையே பார்த்தார். புரியவில்லை. திரும்ப, "டக்டக்டக்டக்" என்றேன். டக் என்பதை உதட்டில் எப்படிப் படிப்பது? அவர் தலையை ஆட்டிவிட்டு, ஸ்வெட்டர் கையை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு, கையை என் முன்னால் நீட்டினார்.

"இதுல தட்டு."

ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் இரண்டு விரலால், இன்ஜின் தட்டுகிற அதே வேகத்துக்கு அவர் கையில் தட்டினேன். பட்டப்பகலில், சொசைட்டி முழுக்கப் பார்க்க. அவர் இன்னொரு உள்ளங்கையை ஓடுகிற இன்ஜினின் ஓரத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. எனக்கு விரல் வலித்தது, ஆனால் நிறுத்தவில்லை. அந்தக் கையைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தார். "இன்ஜின் ரெண்டு சுத்து சுத்துனா இது ஒரு தரம் அடிக்குது. அப்ப கீழ இல்ல. மேல, வால்வு பக்கம். மேல்மூடியில வச்சுக் கேளு."

முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் விரற்கடை விரற்கடையாக நகர்த்திக் கேட்டேன். இரண்டாவது சிலிண்டருக்கு மேலே வந்ததும் காதில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. கட்டை விரலைக் காட்டினேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கட்டை விரலையும் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ஆறிப்போன டீயை ஆளுக்குப் பாதி குடித்தோம். பிறகு மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே வால்வுகளை அமுக்குகிற சின்னச் சின்னக் கைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு, அதைப் பிடித்து வைக்க ஒரு நட். இரண்டாவது சிலிண்டரின் நட்டை விரலால் தொட்டார். ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை. விரலாலேயே சுற்றியது.

"இவ்வளவுதானா?" என்றேன் சந்தோஷத்தில். "இதுக்கா மாயாபுரிக்குப் போகச் சொன்னாரு?"

அவருக்குச் சந்தோஷமில்லை. அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி வந்த வாரம் நான்தான் இதெல்லாம் செட் பண்ணுனேன். முடிச்சு ஓடவிட்டுக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்ல. சரியாயிருச்சுன்னு மூடிட்டேன்." நட்டை விரலால் சுற்றிக்கொண்டே, "ஒரு சத்தமும் இல்லன்னு நெனச்சேன்" என்றார்.

இருபத்தைந்து வருஷமாக அத்தனை இன்ஜின்களின் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டே அந்தக் காது போயிருக்கிறது. அது எப்போதோ போய்விட்டது என்று அவருக்கு ஒரு நட்டைத் தொட்டபோதுதான் தெரிகிறது. நான் அவர் தோளில் கை வைத்தேன். வேறென்ன செய்ய முடியும்? அவர் மெல்லிய தகடு ஒன்றைச் சொருகி இடைவெளியை அளந்து, திருகைச் சரி பண்ணி, நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கினார். மற்ற எல்லா நட்டுகளையும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்தார். மூடியை மாட்டி, ஸ்டார்ட் பண்ணிவிட்டு, வெளியே வரவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

நான் கேட்டேன். டக்டக் இல்லை. பசு அசைபோடுகிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். கட்டை விரலைக் காட்டினேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். குனிந்து விழுந்து உள்ளே உட்கார்ந்தேன்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?" என்றார் என் பக்கம் முழுசாகத் திரும்பி.

"டீ கொண்டு வந்தப்பதான். உங்களுக்கு?"

"சர்தார்ஜி கைய மடக்கிக் குத்திக் காட்டுனாருல்லா, அப்பதான். எனக்குக் கேக்காத சத்தம் ஒன்னு இருக்குன்னு அதுக்கு முன்னாடி தெரியாது. யார்ட்ட சொல்ல? இந்த வேலை பாக்குறவன் காது கேக்கலன்னு எப்படிச் சொல்லுவான்? உன்கிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். ஆனா நீ பேசுறதில்லியே."

"நானா?"

"பின்ன? இந்த வண்டி வந்த நாளா நீ என்கிட்டப் பேசுறதையே விட்டுட்ட. வீட்டுக்குள்ள வந்தா ஒரு சத்தம் கிடையாது. அடுப்பப் பாத்துத் திரும்பி நிப்ப. இத்தன வருஷமா வாய் ஓயாம பேசுனவ. காரு உனக்குப் புடிக்கல, அந்தக் கோவம்னு நெனச்சேன். தீந்தா நீயே பேசுவன்னு மூணு மாசமாக் காத்துக்கிட்டு இருந்தேன்." ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "வித்துரலாம்னுகூட நெனச்சேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே அழுகையாக மாறிவிட்டது. பேச்சை நிறுத்தினேனா? என் வாழ்க்கையில் அந்த மூன்று மாதம் பேசின அளவுக்கு நான் என்றைக்கும் பேசியதில்லை. அத்தனையையும் குக்கருக்கும் புறாவுக்கும் கொடுத்துவிட்டு, இவரை ஒரு சத்தமில்லாத வீட்டில் தனியாக உட்கார வைத்திருக்கிறேன்.

அண்ணனிடம் நான் பேசியதும் அவர் காதில் விழவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. சொல்லாமல் விட்டால் அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஒரு நிமிஷம் அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இவ்வளவுக்குப் பிறகு அவர் காதுக்குப் போகாமல் என்னிடம் ஒன்று இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னேன். விளையாட்டுக் கார் என்றது, எட்டு வயசு என்றது, வெக்கக்கேடு என்றது, மறுநாள் பாலைப் பார்த்து மன்னிப்புக் கேட்டது, பதில் வராமல் பயந்தது, நீங்க பேசலன்னா இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா என்று நினைத்தது, எல்லாவற்றையும் தேம்பிக்கொண்டே ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் புருவத்தைச் சுருக்கி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, புறங்கையால் என் கன்னத்தைத் துடைத்தார்.

"அழாத ஏட்டி. நீ அழுதா வாய் கோணிப்போகுது, ஒரு வார்த்த புரியல. மெதுவா, முதல்ல இருந்து சொல்லு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முகத்தை அவருக்கு நேராக வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.